தகட்டின் முதுகு: சென்னையில் நந்தகோபாலின் சிற்பங்களைப் பார்க்க ஒரு வழி

முதல் நாள் – எழும்பூர்

எஸ். நந்தகோபாலின் (1946–2017) உலோகச் சிற்பங்களைப் பார்க்க வருபவர்கள் பெரும்பாலும் நேரே கிழக்குக் கடற்கரைச் சாலையில் வண்டியைத் திருப்பிவிடுகிறார்கள். அந்தச் சாலையில் ஈஞ்சம்பாக்கத்தில் உள்ள கலைஞர்கள் ஊரான சோழமண்டலம் எங்கும் ஓடிவிடாது. முதல் நாளை எழும்பூருக்குக் கொடுத்துவிட்டுப் போனால் அங்கே எதைப் பார்க்க வேண்டும் என்பது தெளிவாகிவிடும். பாந்தியன் சாலை அரசு அருங்காட்சியகம் காலை 9.30 முதல் மாலை 5 வரை. வெள்ளிக்கிழமை விடுமுறை; இது தெரியாமல் வந்து வாசலோடு திரும்புகிறவர்கள் வாரந்தோறும் உண்டு.

உள்ளே முதலில் தேட வேண்டியது நடுகல். செப்புத் திருமேனிகள் பிறகு. நடுகல் ஒரு பலகைக் கல். முன்பக்கம் மட்டும் செதுக்கியிருக்கும்: வில்லோ வாளோ ஏந்திய வீரன், சுற்றிலும் சின்னச் சின்ன அடையாளங்கள், சிலவற்றில் மேலே சில வரி எழுத்து. பின்பக்கம் கல் உடைத்த வாக்கிலேயே இருக்கும். யாரும் சுற்றி வந்து பார்க்கப் போவதில்லை என்று தெரிந்தே செய்த வேலை. ஊர் எல்லையில் நட்டு, எதிரே நின்று கும்பிட வேண்டியது அது. நந்தகோபால் தம் வேலைகள் சிலவற்றுக்கு நடுகல்லின் நினைவுகள் என்றே பெயர் வைத்தவர். அந்தப் பெயர் அலங்காரத்துக்கு வைத்ததல்ல. முன்பக்கம் என்று ஒன்று உண்டு, அதன் எதிரே நிற்க வேண்டும், அடையாளங்களை ஒவ்வொன்றாகப் படிக்க வேண்டும் என்ற ஏற்பாடு முழுவதும் அங்கிருந்து வருகிறது.

அடுத்து செப்புத் திருமேனிக் கூடம். இங்கே ஒரு நடராசரையோ திருவாசி (திருமேனியைச் சூழ்ந்து நிற்கும் சுடர் வளைவு) உள்ள வேறு திருமேனியையோ எடுத்துக்கொண்டு பக்கவாட்டில் நில்லுங்கள். திருமேனி முழு உருண்டை வேலை. முதுகு, பின்தலைச் சுருள்முடி, தலைக்குப் பின்னுள்ள வட்டமான சிரசக்கரம் எல்லாம் முடித்திருப்பார்கள். வீதியுலாவில் பின்னால் வருகிறவனும் பார்க்கிறான் அல்லவா. திருவாசி அப்படி இல்லை. மெல்லிய வளைவு, சுடர்கள், இடையிடையே வெறும் வெளி. பக்கவாட்டில் பார்த்தால் ஏறக்குறைய காணாமலே போய்விடும். திருமேனியை எடுத்துவிட்டுத் திருவாசியை மட்டும் நிறுத்தி, அதையே உருவமாக்கினால் என்ன வரும்? நந்தகோபாலின் சிற்பம் வரும் என்பதுதான் இந்தத் தொடர் முழுவதிலும் நாங்கள் சொல்லப்போவது. ‘தட்டையாக இருக்கிறதே, சிற்பம் என்றால் சுற்றிவர வேண்டாமா’ என்ற குறையை அவர் தலைமுறைச் சிற்பிகள் மேல் பலரும் சொல்லியிருக்கிறார்கள். திருவாசியைத் தட்டை என்று யாரும் குறை சொன்னதில்லை.

மதியத்துக்கு மேல் பெரியார் ஈ.வெ.ரா. நெடுஞ்சாலையில் அரசு கவின்கலைக் கல்லூரி. 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கியது. 1929இல் தலைமைக்கு வந்த முதல் இந்தியர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. 1959இல் மெரினாவில் நிறுவிய உழைப்பாளர் சிலை அவர் கை வேலை. நேரம் இருந்தால் மாலையில் அதையும் பார்த்துவிடலாம், பார்ப்பது பயன்படும். களிமண்ணில் உருப்பிடித்து, பிளாஸ்டரில் அச்செடுத்து, வெண்கலத்தில் வார்த்த முறை. தசை, எடை, தள்ளும் விசை எல்லாம் உருண்டு திரண்டு நிற்கும். அவருக்குப் பின் 1957 முதல் 1967 வரை ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் முதல்வர். எழுபதுகளில் அந்த நாற்காலியில் இருந்தவர் எஸ். தனபால் (1919–2000). ஓவியத்தில் பயின்று சிற்பத்துக்கு வந்தவர், நடனமும் ஆடியவர். அவர் செய்த பெரியார், திரு.வி.க. தலைகள் நூல்களிலாவது பலரும் பார்த்திருக்கக் கூடியவை.

நந்தகோபால் பணிக்கரின் மகன். பெங்களூரில் பிறந்தவர். லயோலா கல்லூரியில் இயற்பியல் பட்டம், பிறகு இந்தக் கல்லூரியில் 1971இல் பட்டயம். பட்டயம் ஓவியத்தில், சிற்பத்தில் அல்ல. 1970இல், படிப்பு முடியும் முன்பே, லலித் கலா அகாதெமியின் தேசிய விருது வந்துவிட்டது, அது சிற்பத்துக்கு. களிமண்ணைப் பிசைந்து அதன் எடையை உணர்ந்து வளர்ந்த கை ஒரு மாதிரி வேலை செய்யும், காகிதத்தில் கோடு போட்டு வளர்ந்த கை வேறு மாதிரி. இவருடையது இரண்டாவது வகை. அந்தக் கோட்டை நிற்க வைக்க ஓர் உலோகம் வேண்டியிருந்தது. அந்த உலோகத்தைத் தேடி நாளை பாரிமுனை.

இரண்டாம் நாள் – பாரிமுனை

இன்று சிற்பம் ஒன்றும் பார்ப்பதற்கில்லை. மண்ணடி, பாரிமுனைச் சந்துகளில் உலோகத் தகடு, கம்பி, பற்றவைக்கும் சாமான் விற்கும் கடைகள். செம்புத் தகட்டைக் கையில் எடுத்துப் பார்க்காமல் நாளைக்குப் பார்க்கப்போவது பாதிதான் புரியும்.

தகட்டுக்கு இங்கே கேஜ் கணக்கு. எண் கூடக் கூட தகடு மெலியும். 18 கேஜ் 1.22 மி.மீ., 20 கேஜ் 0.91, 22 கேஜ் 0.71, 24 கேஜ் 0.56. விற்பனை எடையில். 18 கேஜ் செம்பு சதுர அடிக்கு ஏறக்குறைய 1 கிலோ, 20 கேஜ் சுமார் 760 கிராம் என்று மனதில் வைத்துக்கொண்டால் கடையில் ஏமாற வேண்டியதில்லை. பித்தளை அதே கனத்தில் சற்று எடை குறைவு. சுவரில் மாட்டும் சிறு வேலைக்கு 22 போதும். ஆளுயரம் நிற்க வேண்டியதற்கு 18 அல்லது 20. அதைவிட மெல்லியதில் நின்ற வேலை செய்தால் முதல் பெருங்காற்றில் மடிந்துவிடும். 16க்குக் கீழே போனால் கையால் தட்டி வளைப்பது தோள்பட்டைக்குத்தான் கேடு.

மேலும் ஒன்று கேட்டு வாங்க வேண்டும்: எந்த ரகச் செம்பு என்று. மின்சார வேலைக்கான செம்பில் சிறிதளவு ஆக்சிஜன் கலந்திருக்கும். அதை அசிட்டிலின் சுடரில் நெடுநேரம் காய்ச்சினால் சுடரின் ஹைட்ரஜன் உள்ளே ஊடுருவி அந்த ஆக்சிஜனோடு சேர்ந்து நீராவியாகி, உலோகத்தின் மணிகளைப் பிரித்துவிடும். வெளியே பார்க்க ஒன்றும் தெரியாது. மடக்கும்போது பற்றுக்கு (பற்றவைத்த இணைப்புக்கு) ஓரமாக மயிரிழை விரிசல் ஓடும். ‘பற்று சரியில்லை’ என்று ஆளைத் திட்டுவார்கள். குற்றம் தகட்டில் இருக்கும். பாஸ்பரஸ் சேர்த்து ஆக்சிஜன் நீக்கிய செம்பு, குழாய் வேலைக்கு வருவது, இந்தக் காரியத்துக்கு நல்லது.

தகட்டைத் தட்டத் தட்ட அது இறுகும். சுத்தியல் ஒலியே சொல்லும்: முதலில் மொத்தென்று இருக்கும், இறுகியதும் கணீரென்று மேலேறும். அந்த ஒலி வந்த பிறகும் தட்டினால் ஓரத்தில் கிழியும். அப்போது அடுப்பில் வைத்து, நிழலில் பார்த்தால் மங்கிய சிவப்பு தெரியும்வரை காய்ச்சி, தண்ணீரில் போட வேண்டும். இரும்பு போல இறுகிவிடுமோ என்று பயப்பட வேண்டாம். செம்பு தண்ணீரில் போட்டாலும் இளகித்தான் இருக்கும். பித்தளையை மட்டும் அந்தச் சிவப்பில் முக்கக் கூடாது, விரிசல் விடும். கறுத்துத் தணிந்த பிறகு முக்கலாம். வெயிலில் காய்ச்சுகிறவர்கள் சிவப்பு தெரியாமல் மிகைச்சூடு ஏற்றிவிடுகிறார்கள். அப்படிக் காய்ந்த தகட்டின் மேல் ஆரஞ்சுத் தோல் போலச் சொரசொரப்பு வரும், அதை ராவி எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

காய்ச்சியதும் மேலே கறுப்புச் செதிள். 10 பங்கு தண்ணீரில் 1 பங்கு கந்தக அமிலம் விட்டு (தண்ணீரில் அமிலத்தைத்தான், மாற்றியல்ல) அதில் போட்டால் செதிள் கழன்றுவிடும். இரும்பு இடுக்கியை அதில் விட்டால் கரைந்திருக்கும் செம்பு பித்தளைத் துண்டுகளின்மேல் படிந்து இளஞ்சிவப்புத் திட்டாகும். செம்பு இடுக்கியோ மூங்கில் குச்சியோ போதும்.

தகட்டை உளியால் தட்டி உரு எழுப்பும் புடைப்பு வேலைக்கு அரக்குப் படுக்கை. கோயில் கவசம் செய்கிறவர்களிடம் இது இன்றும் அன்றாடம்: குங்கிலியமும் செங்கல் தூளும் ஏறக்குறைய சம எடை, இளக்கத்துக்கு எண்ணெய். வெயில் காலத்தில் எண்ணெயைக் குறைப்பார்கள், மார்கழியில் கூட்டுவார்கள். எண்ணெய் மிகுந்தால் உளி பட்ட இடம் பரவலாக அமுங்கி விளிம்பு கூர்மை இழக்கும். குறைந்தால் அரக்கு தெறித்துத் தகடு பிடிப்பை விட்டுவிடும். மூலவருக்குச் சார்த்தும் கவசமும் கதவில் அறையும் பித்தளைத் தகடும் முன்பக்கத்துக்காக மட்டும் செய்பவை. உள்ளே ஒன்றும் கிடையாது. பி.வி. ஜானகிராம் (1930–1995) தகட்டை அடித்து, வெட்டி, மேலே கம்பி பற்றவைத்து உருச் செய்த வழிக்கு இந்தப் பட்டறைகள்தாம் முன்னோடி. நந்தகோபாலுக்கு ஒரு தலைமுறை மூத்தவர். அந்த வழியில் அவர் திறந்த கதவு இல்லாவிட்டால் பின்வந்தவர்கள் எதையும் செய்திருக்க மாட்டார்கள் என்று சொன்னால் அது முகத்துதி ஆகாது.

பற்றவைப்பு. இங்கேதான் பாதி வேலை கெடுகிறது. செம்பு உருகுவது 1085 டிகிரி செல்சியசில். பித்தளைக் குச்சி 900க்கு அருகில். வெள்ளி கலந்த பற்று 650 முதல் 700க்குள். ஆகவே பல துண்டுகள் சேரும் உருவில் முதலில் பித்தளைக் குச்சி, கடைசியில் வெள்ளிப்பற்று. வரிசை மாறினால் ஒன்றைப் பற்றவைக்கையில் முன்பு ஒட்டியது கழன்று விழும். செம்பு சூட்டை வாங்கி வாங்கி ஓரத்துக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். சிறு சுடரை ஓரிடத்தில் பிடித்துக்கொண்டு நின்றால் பற்று உருகும், தகடு சூடாகாது. உருண்டை உருண்டையாக மேலே உட்கார்ந்து அடுத்த நாள் தட்டினால் கொட்டிவிடும். பெரிய முனை போட்டு, சுற்றிலும் முதலில் காய்ச்சி, அதன்பின் இணைப்புக்கு வர வேண்டும். செம்புக்கு நடுநிலைச் சுடர். பித்தளைக்கு ஆக்சிஜன் சற்றுக் கூடுதலாக இருந்தால் மேலே ஓர் ஆக்சைடு தோல் படர்ந்து துத்தநாகம் ஆவியாவதைத் தடுக்கும். வெள்ளைப் புகை கிளம்பினால் துத்தநாகம் போகிறது என்று பொருள். அந்தப் புகையை மூடிய அறையில் இழுத்தவனுக்கு இரவில் குளிர்காய்ச்சல் வரும். பால் குடித்தால் சரியாகும் என்று பட்டறைகளில் சொல்வார்கள், ஆகாது. காற்றோட்டம்தான் மருந்து.

பற்று உருகி ஓட உதவும் வெங்காரம் மறக்கக் கூடாதது, மிஞ்சவும் கூடாதது. ஒட்டியதும் அது கண்ணாடி போல இறுகி மடிப்புகளில் தங்கும். வெந்நீரில் ஊறவைத்துக் கழுவாவிட்டால் அடுத்த ஐப்பசி மழையில் அங்கிருந்து வெள்ளையும் பச்சையுமாக ஒழுகும்.

அசிட்டிலின் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோவைத் தாண்டக் கூடாது. அந்த வாயு போகும் வழியில் செம்புக் குழாயோ செம்பு இணைப்போ வைக்கவே கூடாது. இரண்டும் சேர்ந்து அதிர்ந்தாலே வெடிக்கும் பொருளை உண்டாக்கும். செம்புத் துண்டுகள் சுற்றிலும் கிடக்கும் சிற்பப் பட்டறையில் ‘இது கைக்கு அடக்கமாக இருக்கிறதே’ என்று ஒரு துண்டைச் சொருகுகிற ஆசை வரும். அதற்காகத்தான் இவ்வளவு அழுத்திச் சொல்வது.

மூன்றாம் நாள் – ஈஞ்சம்பாக்கம், சோழமண்டலம்

திருவான்மியூரிலிருந்து கோவளம், மாமல்லபுரம் பக்கம் போகும் எந்தப் பேருந்தும் ஈஞ்சம்பாக்கம் வழியாகத்தான். இறங்கினால் சாலையோரத்திலேயே வாசல். 1966இல் பணிக்கர் முன்னின்று, கலைஞர்கள் பத்திக் துணி முதலான கைவினைப் பொருள்களை விற்றுச் சேர்த்த பணத்தில் நிலம் வாங்கி அமைத்த ஊர் இது. அப்போது வெறும் சவுக்கும் மணலும். இன்று சுற்றிலும் எழும்பியிருப்பதைப் பார்த்தால் நம்புவது கடினம். 2009இல் இங்கே சென்னைக் கலை இயக்கத்துக்கான அருங்காட்சியகம் திறந்தார்கள். நந்தகோபால் பல ஆண்டுகள் இந்த ஊரின் செயலாளர். சிற்பிகளில் இவ்வளவு காலம் நிருவாகக் கோப்பும் பற்றுக்குழலும் ஒருசேரத் தூக்கியவர்கள் குறைவு.

கட்டடத்துக்குள் நுழைந்ததும் பணிக்கரின் ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசை ஓவியம் ஏதாவது கண்ணில் பட்டால் அதன்முன் கொஞ்சம் நில்லுங்கள். அறுபதுகளில் தொடங்கியவை. ஜாதகக் கட்டம், படிக்க முடியாத எழுத்து வரிசை, மூலையில் ஒரு பறவையோ மீனோ. தூர விலகி நின்றால் ஓலைச்சுவடி போலத் தெரியும். மகனின் சிற்பத்தில் இதே பழக்கம் உலோகத்தில் வருகிறது: நடுவில் ஒரு நெடுந்தண்டு, அதில் இடமும் வலமும் சிறு சிறு உருக்கள், பிறை, பாம்பு, இலை, சக்கரம், பறவை, எங்கோ ஒரு முகம். எந்தத் துண்டும் தனியாகப் பெரிதில்லை. அடுக்கும் இடைவெளியும்தான் உருவம். அப்பாவின் நிழல் என்று இதைக் குறைத்துச் சொல்லவும் முடியும். எங்களுக்கு அதில் உடன்பாடில்லை. காகிதத்தில் எழுத்து எங்கே வேண்டுமானாலும் மிதக்கலாம். உலோகத்தில் ஒவ்வொரு எழுத்தையும் எதிலாவது பற்றவைத்தாக வேண்டும், எடை எங்கே இறங்குகிறது என்று தெரிந்தாக வேண்டும். அந்தச் சிக்கல் பணிக்கருக்கு இல்லை.

இனி ஒரு வேலையின் முன் நிற்கும் முறை. முதலில் முன்பக்கம் பார்க்காதீர்கள். பின்னால் போங்கள். இவ்வகைச் சிற்பத்தில் முதுகுதான் கட்டுமானத்தைக் காட்டும்: எடை தாங்கும் முதுகெலும்பு எது, அதிலிருந்து கிளைகள் எங்கே பிரிகின்றன, எந்தத் துண்டை ஓரம் முழுக்கத் தொடர்ச்சியாகப் பற்றவைத்திருக்கிறது, எந்தத் துண்டு நாலு புள்ளியில் மட்டும் தொட்டிருக்கிறது. நீள ஓரத்தைத் தொடர்ச்சியாகப் பற்றவைத்தால் தகடு நெளியும். சூடான இடம் விரியப் பார்க்கும், சூடாகாத பக்கம் விடாது, ஆறியதும் கிண்ணம் போலக் குழியும். அதனால் நடுவிலிருந்து தொடங்கி இருபுறமும் மாறி மாறி, 2 அல்லது 3 அங்குலத்துக்கு ஒரு பொட்டாக வைத்துக்கொண்டு போவார்கள். பின்னால் அந்தப் பொட்டுகள் தெரியும். பொட்டு சின்னதாக, தகட்டோடு படிந்து பரவியிருந்தால் சூடு சரி. குமிழாக நின்றால் அவசரம்.

முன்பக்கம் வந்தால் அந்தக் கணக்கெல்லாம் மறைந்து கோடு மட்டும் நிற்கிறது. நந்தகோபாலின் தனித்திறமை இதில்தான். கம்பியைத் தகட்டின்மேல் ஓட்டி வரைகிறார். அது புருவமாகிறது, மூக்காகிறது, அப்படியே தகட்டைத் தாண்டி வெளியில் போய் ஒரு சுருளாகி முடிகிறது. வெளியில் போகும் அந்த நீளத்துக்கு அளவு உண்டு. 10 மி.மீ. பித்தளைக் கம்பி மீட்டருக்கு 670 கிராம். ஒரு பக்கம் மட்டும் நீட்டினால் நாளடைவில் தொங்கும், பற்றின் கழுத்தில் விரிசல் விடும். எதிர்ப்புறம் ஒரு பறவையோ பிறையோ வந்து ஈடுகட்டுவதை ஒவ்வொரு வேலையிலும் தேடிப் பாருங்கள். சமச்சீராக இருக்காது, ஆனால் நிறை கட்டியிருக்கும். இயற்பியல் பட்டம் வீணாகப் போகவில்லை என்று வேடிக்கையாகச் சொல்லலாம்.

நிறம். இதைப் பலர் வண்ணப்பூச்சு என்று நினைக்கிறார்கள். செம்பும் பித்தளையும் கலந்து செய்த உருவில் கந்தகப் பொட்டாஷ் கரைசலைத் தடவினால் செம்பு சட்டென்று பழுப்பாகிக் கறுக்கும், பித்தளை மெதுவாகவே வாங்கும். ஒரே கரைசலில் இரு நிறம் வருவது இதனால். வெதுவெதுப்பான 1 லிட்டர் தண்ணீருக்குப் பட்டாணி அளவுக் கட்டி போதும். கடுமையாகக் கரைத்தால் ஒரே பூச்சில் கறுத்து, பிறகு செதிளாக உரிந்துவிடும். இளங்கரைசலில் நாலைந்து முறை தடவி, இடையில் கழுவ வேண்டும். கரைசலை மறுநாளுக்கு வைக்காதீர்கள், வீரியம் போய்விடும். கறுத்த பிறகு மேடான இடங்களை மட்டும் தேய்த்து எடுத்தால் கோடு பளிச்சென்று எழும்.

நந்தகோபால் இதோடு நிற்கவில்லை. வெள்ளி முலாமும் எனாமலும் கொண்டுவந்தார். இரண்டும் பட்டறைக்காரனுக்குத் தலைவலி. எனாமல் என்பது கண்ணாடித் தூள், 750 முதல் 850 டிகிரி வரை சூட்டில் உருகிச் செம்பின் மேல் பிடிப்பது. பித்தளையில் சரியாகப் பிடிக்காது, துத்தநாகம் கிளம்பிக் குமிழ் விடும். எனாமல் ஏறிய துண்டின் பக்கத்தில் அதன்பின் பற்றுச் சுடர் காட்டினால் கண்ணாடி தெறிக்கும். ஆகவே அந்தத் துண்டுகளைத் தனியே செம்பில் செய்து முடித்து, கடைசியில் தறையாணி அல்லது திருகு போட்டுத்தான் சேர்ப்பது பாதுகாப்பு. பின்பக்கமும் ஒரு பூச்சு எனாமல் வேண்டும். இல்லாவிட்டால் செம்பு கண்ணாடியைவிட அதிகம் சுருங்குவதால் துண்டு வளைந்து, முன்பக்கம் முடி போன்ற விரிசல் விடும். வெள்ளி முலாமுக்குச் சட்டம் வேறு: மடிப்பில் துளி வெங்காரம் தங்கியிருந்தாலும் அங்கே முலாம் கொப்பளிக்கும். முலாம் தொட்டியின் அளவுதான் துண்டின் அளவு. அந்தத் தொட்டியில் இருப்பது சயனைடு உப்பு. உரிமம் உள்ள முலாம் கடையில் கொடுத்து வாங்க வேண்டியது, வீட்டில் முயல வேண்டியதல்ல.

1978இல் தில்லி நான்காவது திரினாலே பன்னாட்டுக் கலைக்காட்சியில் தங்கப்பதக்கம், ஹோமி பாபா நல்கை என்று அவர் வாழ்க்கைக் குறிப்பில் வரும் வரிகளைவிட, கருடனும் கிருஷ்ணனும் கணபதியும் திரும்பத் திரும்ப வருவதைக் கவனிப்பது நல்லது. பக்தி வேலை என்று ஒதுக்குகிறவர்களும் உண்டு, நவீனம் என்று ஏற்றுக்கொண்டு அந்தப் பெயர்களைக் கண்டுகொள்ளாதவர்களும் உண்டு. உருவைப் பாருங்கள்: கருடனுக்குத் தெரிந்த அடையாளம் ஏதாவது ஒன்று மட்டும் மிஞ்சியிருக்கும், மற்றதெல்லாம் கோட்டின் போக்குக்குக் கழன்றிருக்கும். எவ்வளவு கழற்றினாலும் பெயர் நிற்கிறதா என்று பார்க்கிற வேலை அது. எங்கள் கணிப்பில் உயரமான, துண்டு குறைந்த வேலைகள்தாம் மேல். எல்லா மூலையிலும் ஏதாவது நடக்கிற வேலைகளில் கண் களைத்துப்போகிறது.

வெளிச்சம்: காலை 9க்கு முன் அல்லது மாலை 4க்குப் பின். உச்சிவெயிலில் தகட்டின் புடைப்பெல்லாம் அமுங்கி வெறும் நிழலுருவாகத் தெரியும்.

நான்காம் நாள் – அதே இடம், கடற்காற்று

நேற்றைய பதிவைப் படித்தவர்கள் கேட்டது ஒன்றுதான்: கடலுக்கு இவ்வளவு அருகில் செம்பு தாங்குமா? தாங்கும். இன்று அதை மட்டும் பார்ப்போம்.

தோட்டத்தில் கருங்கல் சிற்பங்களும் உலோகமும் உண்டு. கல்லுக்கு மழை ஒன்றும் செய்வதில்லை. செம்புக்கு உப்புக்காற்று மெதுவாகப் பச்சை ஏற்றும். சீராகப் படர்ந்து விரலில் ஒட்டாத பச்சை காப்பு. வெளிர்பச்சையாகப் பொடிந்து, தொட்டால் கையோடு வருகிற புள்ளி நோய்; உள்ளே குளோரைடு வேலை செய்கிறது. நல்ல தண்ணீரில் அடிக்கடி கழுவி, நன்கு உலரவைத்து, மெழுகு ஏற்ற வேண்டும். தேன்மெழுகை டர்பன்டைனில் கரைத்த பசை போதும். உலோகம் கை பொறுக்கும் சூட்டில் இருக்கையில் தடவி, ஆறியதும் துணியால் தேய்க்க வேண்டும். வடகிழக்குப் பருவமழைக்கு முன் புரட்டாசியில் ஒரு முறை, மழை ஓய்ந்து தையில் ஒரு முறை. லாக்கர் அடித்தால் வேலை மிச்சம் என்பார்கள். கடற்கரையில் அதில் ஒரு கீறல் விழுந்தால் உப்பு அடியில் புகுந்து படலத்துக்குக் கீழேயே பரவும். பிறகு முழுவதையும் உரிக்க வேண்டியதுதான். பித்தளையில் இளஞ்சிவப்புத் திட்டுத் தெரிந்தால் துத்தநாகம் கரைந்து செம்பு மட்டும் மிஞ்சியிருக்கிறது. அங்கே தட்டிப் பார்க்காதீர்கள், பொடியும்.

புளி, எலுமிச்சை, பாத்திரம் துலக்கும் பொடி மூன்றும் எதிரிகள். ஆயுத பூஜைக்கு முன் யாராவது ஒருவர் ஆர்வமாகத் தேய்த்து, சிற்பி பல நாள் ஏற்றிய கறுப்பை அரை மணியில் எடுத்துவிட்ட கதை இந்த ஊரில் தனியார் சேகரிப்புகளில் பழக்கமானது. வேலைக்கு வருகிறவர்களிடம் தூசி தட்டும் தூரிகையை மட்டும் கொடுங்கள்.

பீடத்தில் சாதா இரும்பு போல்ட் கூடாது. செம்பும் இரும்பும் உப்பு ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் இரும்புதான் கரையும். சிற்பம் நன்றாக இருக்கும், பிடி போயிருக்கும். துருப்பிடிக்காத எஃகு அல்லது வெண்கல போல்ட், இடையில் ரப்பர் வளையம். 2 மீட்டர் உயரச் செம்பு மார்கழி விடியலுக்கும் சித்திரை நண்பகலுக்கும் இடையில் ஏறக்குறைய 1 மி.மீ. நீளும், இரு முனையையும் இறுக்கிக் கட்டினால் ஏதாவது ஒரு பற்று விடும்.

காற்றுக் கணக்கும் போட்டுப் பார்க்கலாம். 1.5 சதுர மீட்டர் முகப்புள்ள மூடிய தகட்டின் மேல் மணிக்கு 100 கி.மீ. காற்று நேரே அடித்தால் 80 கிலோவுக்கு மேல் தள்ளும். சிற்பமோ 20 கிலோ சொச்சம்தான் இருக்கும். 2016 டிசம்பரில் வர்தா புயல் இந்தக் கரையில் அதைவிட வேகமாகவே வீசியது. இடைவெளி நிறைந்த உருவுக்குத் தள்ளு விசை குறையும், பீடம் சின்னதாக இருக்கலாம். மூடிய முகப்பு வாங்குகிறவர் பீடத்தின் எடையையும் ஆணியின் ஆழத்தையும் கேட்டுக்கொள்ள வேண்டும். மொட்டைமாடியில் வைக்கிறவர்கள் கேட்பதே இல்லை.

வளாகத்தில் எஸ். பரமசிவம், பி.எஸ். நந்தன் போன்ற சிற்பிகளின் வேலைகளுக்கும் நேரம் ஒதுக்குங்கள். நந்தகோபாலின் கோட்டைப் பார்த்த கண்ணுக்கு அவற்றின் திரட்சி உடனே உறைக்கும். கிரீம்ஸ் சாலையில் உள்ள லலித் கலா அகாதெமி வட்டார மையத்தில் இளைய சிற்பிகள் என்ன செய்கிறார்கள் என்பதைத் திரும்பும் வழியில் பார்க்கலாம். எது நடக்கிறது என்பதைக் கிளம்பும் முன் விசாரித்துக்கொள்வது நல்லது.

வாங்கிக்கொண்டு போகிறவர்களுக்கு: தூக்கும்போது நீட்டிய கையையோ பறவையையோ பிடிக்காதீர்கள். முதுகெலும்பில் ஒருவர், பீடத்தில் ஒருவர். வண்டியில் படுக்கவைப்பதானால் முகம் மேலே, முதுகெலும்பின் நீளத்துக்கு மட்டும் பஞ்சு மெத்தை. கிளைகள் எதன்மேலும் படக் கூடாது. செய்தித்தாளில் சுற்றி மேலே பிளாஸ்டிக் கட்டினால் வியர்த்து, வீடு சேர்வதற்குள் அச்சு எழுத்து கறையாகப் படியும். பழைய பருத்தி வேட்டி போதும். திருகு போட்ட எனாமல் துண்டுகளைக் கழற்றித் தனியே எடுத்துப்போவதானால், எந்தத் துளையில் எந்தத் துண்டு என்பதைக் கழற்றும் முன் முதுகுப் பக்கம் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.